80 டிகிரியில் தாக்குப்பிடிக்கும் அமைலேஸ்: குப்பைக்குழியிலிருந்து துணி வரை

மண்ணிலிருந்தோ மட்கும் குப்பையிலிருந்தோ ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அது சுரக்கும் அமைலேஸ் (ஸ்டார்ச்சை உடைக்கும் நொதி) தொழிற்சாலைச் சூட்டைத் தாங்குமா என்று சோதிப்பதற்கான வழிமுறை இது. ஆய்வகத்தில் இதை நானே பலமுறை செய்திருக்கிறேன், முதுகலை மாணவர்கள் செய்யும்போது பக்கத்தில் நின்றும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது பாக்டீரியாவைக் கண்டுபிடிப்பதில் அல்ல, அளப்பதில்தான். அதனால் அளக்கும் பகுதிகளை நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் வேலையை எழுதி வையுங்கள்

பெட்ரி தட்டைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள்: எத்தனை டிகிரி, என்ன பிஎச், எவ்வளவு நேரம். இந்த மூன்றும் இல்லாமல் "வெப்பம் தாங்கும் நொதி" என்று சொல்வதில் பொருளே இல்லை.

ஸ்டார்ச்சைக் கரைத்துக் குளுக்கோஸ் பாகு செய்யும் ஆலையில், கூழை 105 டிகிரியில் சுமார் 5 நிமிடம் நீராவியால் தாக்கி, பிறகு 95 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைப்பார்கள். அங்கே பிஎச் 5.5 முதல் 6 வரை. சலவைத்தூளுக்கான அமைலேஸ் வெறும் 40 டிகிரியில் வேலை செய்தால் போதும், ஆனால் பிஎச் 9, 10 வரை போகும். முதல் வேலைக்குப் பொருந்துவது இரண்டாவதற்குப் பெரும்பாலும் பொருந்தாது.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொண்ட வேலை துணியில் கஞ்சி நீக்குவது. தறியில் பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சி போடுகிறார்கள். சாயம் ஏற்றுவதற்கு முன் அந்தக் கஞ்சி போயாக வேண்டும், இல்லாவிட்டால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ஈரோடு, பல்லடம், சோமனூர் பக்கத்து விசைத்தறித் துணிக்கு இது தேவை. திருப்பூர் பனியன் துணி பின்னல் துணி, அதில் பாவும் இல்லை, பாவுக்கஞ்சியும் இல்லை. சோதனைக்குத் துணி வாங்கப் போகும்போது இதை மறந்துவிட்டுப் பின்னல் துணியோடு திரும்பி வந்தவர்கள் உண்டு.

நம் இலக்கு: 80 டிகிரி, பிஎச் 6.5, ஒரு மணி நேரம்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஆட்டோகிளேவ், 50 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் வைக்க இரண்டு இன்குபேட்டர், ஷேக்கர், மூடி போட்ட வாட்டர் பாத், சென்ட்ரிஃபியூஜ், 540 நானோமீட்டரில் படிக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர். இவற்றோடு ஒரு நல்ல டிஜிட்டல் வெப்பமானி. கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வாட்டர் பாத்தின் முகப்பில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். சோதனைக்குழாயில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். முகப்பு 80 என்று காட்டும்போது குழாய்க்குள் 76 இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்த வேலையில் 4 டிகிரி என்பது பெரிய வித்தியாசம்.

பஃபரையும் (பிஎச் மாறாமல் பிடித்து வைக்கும் கரைசல்) இப்போதே தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் அலமாரியில் இருப்பதை எடுத்தால் பின்னால் வருந்துவீர்கள். டிரிஸ் பஃபரின் பிஎச், ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறத்தாழ 0.028 இறங்கும். 25 டிகிரியில் 8.0 என்று அளந்து வைத்தது 80 டிகிரியில் 6.5 பக்கம் வந்துவிடும். நீங்கள் பிஎச் 8-இல் சோதித்ததாக எழுதுவீர்கள், நொதி பார்த்ததோ வேறு பிஎச். பாஸ்பேட் பஃபர் சூட்டில் அதிகம் நகராது, ஆனால் அது கால்சியத்தைப் பிடித்து வெள்ளையாக வீழ்படிந்துவிடும். நாம் தேடும் பேசில்லஸ் வகை பாக்டீரியாக்களின் அமைலேஸுக்குக் கால்சியம் உயிர்நாடி.

பிஎச் 5.6 வரைக்கும் அசிட்டேட் போதும். அதற்கு மேல் மாப்ஸ் அல்லது ஹெப்பீஸ் வைத்துக்கொள்ளுங்கள். இவையும் கொஞ்சம் நகரும், டிரிஸ் அளவுக்கு இல்லை. எதுவானாலும் பயன்படுத்தப்போகும் சூட்டிலேயே பிஎச் அளந்து சரிசெய்வதுதான் முறை. உங்கள் மின்முனை அந்தச் சூட்டைத் தாங்குமா என்று அதன் அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. மாதிரி எடுப்பது

வெந்நீர் ஊற்று தேடி மணிகரண் வரைக்கும் போக வேண்டியதில்லை. நன்றாக மட்கும் குப்பைக்குவியலின் நடுப்பகுதி 60 டிகிரியைத் தாண்டும். ஸ்டார்ச் தின்னும் பாக்டீரியா வேண்டுமென்றால் ஸ்டார்ச் கொட்டும் இடத்துக்குப் போங்கள். சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக்கிழங்கு அரைத்தபின் மிஞ்சும் திப்பி குவிந்து கிடக்கும். அதன் அடியில் உள்ள மண் அருமையான மாதிரி. ஆலைக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

குவியலின் மேற்பரப்பை ஒதுக்கிவிட்டு ஓரடி ஆழத்தில் எடுங்கள், அந்த இடத்தின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். மாதிரியை ஐஸில் வைக்க வேண்டாம். நமக்கு வேண்டியது வித்துகள் (ஸ்போர்), அவை அறை வெப்பநிலையில் பத்திரமாக இருக்கும்.

காப்புரிமை எடுக்கும் எண்ணமோ வெளிநாட்டுக் கூட்டாளியோ இருந்தால், 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தை இந்தக் கட்டத்திலேயே படியுங்கள். தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. வேலையெல்லாம் முடிந்த பிறகு போய் நின்றால் சிக்கல்.

4. சூட்டில் வடிகட்டித் தட்டில் பரப்புவது

ஒரு கிராம் மாதிரியை 9 மில்லி கிருமிநீக்கிய உப்புநீரில் கலக்கி, 80 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள். சாதாரண செல்கள் செத்துவிடும், வித்துகள் பிழைக்கும். நேரத்தை எண்ணத் தொடங்குவது குழாயை பாத்தில் இறக்கிய நொடியிலிருந்து அல்ல, உள்ளே 80 வந்த பிறகு.

அப்புறம் ஆயிரத்தில் ஒன்று முதல் பத்து லட்சத்தில் ஒன்று வரை நீர்த்து, ஸ்டார்ச் அகாரில் பரப்புங்கள். நான் பயன்படுத்தும் கலவை லிட்டருக்கு: கரையும் ஸ்டார்ச் 10 கிராம், பெப்டோன் 5, ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 3, சோடியம் குளோரைடு 5, அகார் 25. வழக்கமான 15 கிராம் அகார் இந்தச் சூட்டில் தளர்ந்து நீர் கசியும், அதனால்தான் கூடுதல். 65 டிகிரிக்கு மேல் போனால் அகாரை விட்டுவிட்டு ஜெல்லன் கம் பயன்படுத்துங்கள்.

இதில் குளுக்கோஸ் சேர்க்காதீர்கள். பாக்டீரியா நன்றாக வளரட்டும் என்று அரை கிராம் போடுவார்கள். வளரும், ஆனால் எளிதான சர்க்கரை கிடைத்ததால் அமைலேஸ் சுரக்காது. நல்ல பாக்டீரியாக் கூட்டங்களை (காலனி) நீங்களே மறைத்துவிடுவீர்கள்.

ஒரு தொகுதியை 50 டிகிரியிலும் இன்னொன்றை 60 டிகிரியிலும் வையுங்கள். "அதிகச் சூட்டில் வளர்வதன் நொதிதான் அதிகச் சூடு தாங்கும்" என்று நினைத்து 50 டிகிரித் தட்டுகளைத் தவிர்ப்பவர்கள் பலர். அது எப்போதும் உண்மையல்ல. பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் வளர்வது 50 டிகிரி வாக்கில்தான். அதன் அமைலேஸோ ஸ்டார்ச் ஆலையில் 105 டிகிரியைத் தாங்குகிறது. ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் போன்றவை 60-இல் வரும். இரண்டு பக்கமும் தேடுங்கள்.

தட்டுகளை முதலில் நன்றாக உலர்த்துங்கள். மேலே ஈரம் நின்றால் கூட்டங்கள் படர்ந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். உலர்த்திய தட்டுகளைத் தலைகீழாக ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஈரப் பஞ்சு ஒன்றும் வைத்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலை அகார் காய்ந்து அப்பளம் போல் கழன்று வரும்.

5. அயோடின் சோதனை: இரண்டு விதிகள்

முதல் விதி, நகல் தட்டு. அயோடின் கூட்டங்களைக் கொன்றுவிடும். அதனால் ஒவ்வொரு கூட்டத்தையும் பல்குச்சியால் தொட்டு, எண்ணிட்ட இரண்டு தட்டுகளில் வையுங்கள். ஒன்று அயோடினுக்கு, மற்றது பாதுகாப்புக்கு. அழகான வளையத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் இருக்கும் மாணவரிடம் "நகல் எங்கே?" என்று கேட்டு, அவர் முகம் மாறுவதைப் பார்ப்பது எனக்கு வருத்தமான அனுபவம்.

இரண்டாவது விதி, தட்டை ஆறவிடுங்கள். ஸ்டார்ச்சும் அயோடினும் சேர்ந்து தரும் நீலம் சூட்டில் மறைந்துவிடும். இன்குபேட்டரிலிருந்து எடுத்த கையோடு அயோடின் ஊற்றினால் தட்டு முழுவதும் வெளிறித் தெரியும், எல்லாமே அமைலேஸ் சுரப்பது போல் தோன்றும். அரை மணி நேரம் மேசையில் வைத்த பிறகு ஊற்றுங்கள்.

ஆறிய தட்டில் அயோடின் ஊற்றிச் சில நொடிகளில் அகார் கருநீலமாகும். சுரக்கும் கூட்டத்தைச் சுற்றி மட்டும் வெளிர் மஞ்சளில் ஒரு வட்டம் தெளியும். வளையத்தின் விட்டத்தைக் கூட்டத்தின் விட்டத்தால் வகுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் பெரிய வளையம் என்றால் சூடு தாங்கும் நொதி என்று பொருளல்ல. அது சுரப்பின் அளவையும் அகாரில் பரவும் வேகத்தையும்தான் காட்டுகிறது. சிறிய வளையக் கூட்டங்களிலும் நாலைந்தைத் தள்ளாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

6. யாரென்று பார்ப்பது

குடுவையில் பெருக்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள், பின்னால் அல்ல. காரணம் பேசில்லஸ் சீரியஸ். அதன் வித்தும் 80 டிகிரியில் பிழைக்கும், பெரும்பாலான ரகங்கள் ஸ்டார்ச்சையும் உடைக்கும், 50 டிகிரித் தட்டில் சில சமயம் வந்து நிற்கும். உணவை நஞ்சாக்கும் பாக்டீரியா அது, தொழிலுக்கு ஆகாது. முட்டை மஞ்சள்கரு அகாரில் வைத்துப் பாருங்கள். கூட்டத்தைச் சுற்றி வெள்ளையாகத் திரிந்தால் அதை ஒதுக்கிவிடலாம்.

மிஞ்சியவற்றுக்கு 16எஸ் மரபணு வரிசை (பாக்டீரியாவை இனங்காண உதவுவது) பார்த்துப் பெயர் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல ரகங்களை 20 விழுக்காடு கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். முக்கியமானதை சண்டிகரில் உள்ள எம்டிசிசி போன்ற சேகரிப்பு மையத்தில் ஒப்படைத்துவிட்டால் ஃப்ரீசர் பழுதானாலும் கவலையில்லை.

7. குடுவையில் வளர்ப்பது

அதே கலவை, அகார் இல்லாமல். 250 மில்லி குடுவையில் 50 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் கரைவது குறையும், இந்த பாக்டீரியாக்களோ காற்றை நிறையக் கேட்பவை. நிமிடத்துக்கு 180 சுற்று போதும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 50 டிகிரியில் இரண்டு நாள் ஆடும் குடுவையில் நீர் கணிசமாக ஆவியாகும். நொதியின் செறிவு தானாகவே கூடும், நீங்கள் "48 மணி நேரத்தில் உச்சம்" என்று எழுதிவிடுவீர்கள். தொடக்கத்தில் குடுவையை எடை போட்டு எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறையும் மாதிரி எடுப்பதற்கு முன் குறைந்த எடையைக் கிருமிநீக்கிய நீரால் ஈடுகட்டுங்கள். மாதிரி எடுத்தபின் மறுபடி எடை போட்டால்தான் அடுத்த முறைக்குக் கணக்கு சரியாக வரும்.

6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுங்கள். உச்சம் தொட்டபின் காத்திருக்க வேண்டாம். பேசில்லஸ் புரதம் உடைக்கும் நொதிகளையும் சுரக்கும், அவை உங்கள் அமைலேஸையே தின்னத் தொடங்கும்.

8. நொதியைப் பிரிப்பது

10,000 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றி, மேலே தெளிந்த நீரை எடுங்கள். நொதி அதில்தான் இருக்கிறது, செல்களை உடைக்க வேண்டியதில்லை. நொதியைப் படியவைக்க அம்மோனியம் சல்பேட்டை 80 விழுக்காடு தெவிட்டல் அளவுக்குச் சேர்க்க, 25 டிகிரியில் லிட்டருக்கு 561 கிராம். குளிர் அறையில் செய்தால் அளவு குறையும், அதற்குரிய அட்டவணையைப் பாருங்கள். ஒரேயடியாகக் கொட்டாமல் அரை மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கொட்டிய இடத்தில் செறிவு எகிறி, வேண்டாததும் சேர்ந்து படியும்.

இந்தக் கட்டத்தில் கால்சியம் குளோரைடு சேர்க்காதீர்கள். சல்பேட்டோடு சேர்ந்து கால்சியம் சல்பேட்டாகப் படியும், அதைப் புரதம் என்று எண்ணிச் சேகரிப்பீர்கள். கால்சியத்தின் முறை அடுத்து, படிந்ததைக் கரைத்துச் சவ்வுக்குழாயில் வைத்து உப்பை நீக்கும் டயாலிசிஸின் பஃபரில்: 5 மில்லிமோலார்.

டயாலிசிஸ் குழாயைத் தயாரிக்க இடிடிஏ கரைசலில் கொதிக்க வைப்பது வழக்கம். இடிடிஏ கால்சியத்தைப் பறிக்கும். நாங்கள் ஒருமுறை குழாயைச் சரியாக அலசாமல் பயன்படுத்திவிட்டோம். முந்தைய நாள் நன்றாக வேலை செய்த நொதி, டயாலிசிஸுக்குப் பிறகு 80 டிகிரியில் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. ரகமே மோசம் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தோம். பிறகு கால்சியம் சேர்த்துப் பார்த்தபோது நிலைப்பு ஓரளவு திரும்பியது. காய்ச்சி வடித்த நீரில் நாலைந்து முறை, உள்ளும் புறமும் அலசுங்கள்.

9. செயல்திறனை அளப்பது

ஸ்டார்ச் உடைந்து வரும் ஒடுக்கும் சர்க்கரையை, அதோடு சேர்ந்து நிறம் மாறும் டிஎன்எஸ் (டைநைட்ரோசாலிசிலிக் அமிலம்) கரைசலால் அளக்கிறோம். பஃபரில் கரைத்த 1 விழுக்காடு ஸ்டார்ச் அரை மில்லி, நீர்த்த நொதி அரை மில்லி, 60 டிகிரியில் 10 நிமிடம். அப்புறம் 1 மில்லி டிஎன்எஸ், கொதிநீரில் 5 நிமிடம், ஆறவிட்டு 8 மில்லி நீர், 540-இல் படிப்பு.

ஸ்டார்ச் கரைசலை முன்கூட்டியே 60 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். குளிர்ந்த கரைசலில் நொதியை விட்டால் முதல் இரண்டு மூன்று நிமிடம் சூடேறுவதிலேயே போய்விடும். நேற்றுக் கரைத்துக் குளிர்பெட்டியில் வைத்த ஸ்டார்ச்சும் வேண்டாம், அது திரண்டு அடியில் தங்கியிருக்கும்.

வெற்றுக்குழாய் (பிளாங்க்) எப்படி வைப்பது? அதிலும் நொதி இருக்க வேண்டும், ஆனால் டிஎன்எஸ் ஊற்றிய பிறகு சேர்க்க வேண்டும். வளர்ப்பு நீரில் ஏற்கெனவே கொஞ்சம் சர்க்கரை மிஞ்சியிருக்கும். நொதி இல்லாத வெற்றுக்குழாய் அதைக் கழிக்காது.

அடுத்து நீர்ப்பு. நொதியை இன்னும் இரண்டு மடங்கு நீர்த்தால் படிப்பும் பாதியாக வேண்டும். ஆகவில்லையா? முதல் குழாயில் ஸ்டார்ச் தீர்ந்துகொண்டிருக்கிறது, அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. பாதியாகும் வரை நீர்த்துக்கொண்டே போங்கள்.

கணக்கு ஒன்று பார்ப்போம். 20 மடங்கு நீர்த்த நொதி, 10 நிமிடத்தில் 1.2 மில்லிகிராம் மால்டோஸ் தந்தது என்று வையுங்கள். 1200 மைக்ரோகிராமை 342.3-ஆல் வகுத்தால் 3.51 மைக்ரோமோல். அதை 10 நிமிடத்தாலும் 0.5 மில்லியாலும் வகுத்து 20-ஆல் பெருக்கினால் மில்லிக்கு 14 யூனிட் (நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் தந்தால் ஒரு யூனிட்). படிப்பை மால்டோஸ் அளவாக மாற்றும் உங்கள் திட்டக்கோட்டுக்கு (ஸ்டாண்டர்ட் கர்வ்) எடை போட்ட மால்டோஸ் புட்டியில் மோனோஹைட்ரேட் என்று இருந்தால் 360.3-ஆல் வகுக்க வேண்டும். புட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

10. சூட்டை எவ்வளவு நேரம் தாங்குகிறது

இதற்காகத்தான் இத்தனை தூரம் வந்தோம். இங்கே பலரும் செய்வது: 10 நிமிடச் சோதனையை 40, 50, 60 என்று 100 டிகிரி வரை செய்து, எங்கே உச்சமோ அதை எழுதி, "இந்த நொதி 85 டிகிரி தாங்கும்" என்று முடிப்பது. அது உகந்த வெப்பநிலை, தாங்கும் திறன் அல்ல.

சூடு ஏறினால் வினையின் வேகம் கூடும், நொதி சிதைவதும் கூடும். 10 நிமிடச் சோதனையில் இந்த இரண்டின் கூட்டு விளைவைத்தான் பார்க்கிறீர்கள். அதே சோதனையை 5 நிமிடத்துக்குச் செய்தால் உச்சம் மேலே போகும், ஒரு மணி நேரத்துக்குச் செய்தால் கீழே இறங்கும். நேரத்தைச் சொல்லாமல் உகந்த வெப்பநிலையைச் சொல்வது அரைச் செய்தி.

தாங்கும் திறனுக்கு நொதியைத் தனியாக, ஸ்டார்ச் இல்லாமல், 80 டிகிரியில் வையுங்கள். ஸ்டார்ச் இருந்தால் அது நொதியைப் பாதுகாக்கும், எண் உயர்ந்து தெரியும். மூடிய சிறு குழாய்களில் 100 மைக்ரோலிட்டர் வீதம், ஒவ்வொரு நேரத்துக்கும் தனிக் குழாய். பிசிஆர் கருவி இருந்தால் அதுவே சிறந்தது, மேல்மூடியும் சூடாவதால் ஆவி மூடியில் போய் ஒட்டாது. 0, 5, 10, 20, 30, 60, 120 நிமிடங்களில் எடுத்து உடனே ஐஸில் வையுங்கள். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே தடவையாக, வழக்கமான 60 டிகிரிச் சோதனையில் அளந்துவிடுங்கள்.

மிஞ்சிய செயல்திறனின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வந்தால் சரிவிலிருந்து அரை ஆயுள் (செயல்திறன் பாதியாகும் நேரம்) கிடைக்கும். 30 நிமிடத்தில் 70 விழுக்காடு, 60 நிமிடத்தில் 49 விழுக்காடு மிஞ்சியது என்றால் சிதைவு மாறிலி நிமிடத்துக்கு 0.0119, அரை ஆயுள் 58 நிமிடம். நம் இலக்கு ஒரு மணி நேரம், எனவே இந்த நொதி வேலை முடியும்போது பாதியாக இருக்கும். துணி வேலைக்கு அது போதும். குளுக்கோஸ் பாகு ஆலைக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம்.

முதல் பத்து நிமிடம் வேகமாக இறங்கி அப்புறம் மெதுவாகப் போனால், கோட்டை வலிந்து நேராக்காதீர்கள். கலவையில் இரண்டு அமைலேஸ் இருக்கலாம், ஒன்று சூட்டில் போய்விட்டது, மற்றது நிற்கிறது. நிற்கும் அந்த ஒன்றுதான் உங்களுக்கு வேண்டியதாக இருக்கலாம், அதைத் தனியே பிரிக்கப் பாருங்கள்.

இதே சோதனையைக் கால்சியம் 0, 1, 5, 10 மில்லிமோலாரில் திரும்பச் செய்யுங்கள். சாயப்பட்டறைக்கு மிகவும் பயன்படுவது இந்த அட்டவணை. அங்கே வரும் தண்ணீர் ஆர்ஓ நீரா ஆழ்துளைக் கிணற்று நீரா என்பதைப் பொறுத்துக் கால்சியம் மாறும், கடினநீரைச் சமாளிக்கப் போடும் ரசாயனங்களில் சில கால்சியத்தைப் பிடித்தும் வைக்கும். அரை ஆயுளை எழுதும்போது வெப்பநிலை, பிஎச், கால்சியம், புரதச் செறிவு நான்கையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

11. துணியில் போட்டுப் பார்ப்பது

கஞ்சி போட்ட, வெளுக்காத காடாத் துணியில் உள்ளங்கை அளவு துண்டுகள் வெட்டுங்கள். ஒரு கிராம் துணிக்கு 20 மில்லி நீர், பிஎச் 6.5, கால்சியம் 5 மில்லிமோலார். 80 டிகிரி வந்தபின் நொதியைச் சேருங்கள். இன்னொரு துண்டை, 10 நிமிடம் கொதிக்க வைத்த அதே நொதியோடு போடுங்கள். வெந்நீரே கொஞ்சம் கஞ்சியைக் கழற்றும், நொதி செய்தது எவ்வளவு என்று இந்த இரண்டாவது துண்டுதான் சொல்லும். ஆனால் உங்கள் நொதி கொதிநீரிலும் பிழைக்கக்கூடிய ரகமாக இருக்கலாம். கொதிக்க வைத்ததில் செயல் போய்விட்டதா என்று முதலில் டிஎன்எஸ்ஸில் பார்த்துவிடுங்கள். போகவில்லையென்றால் ஆட்டோகிளேவில் வையுங்கள்.

ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் வெந்நீரில் அலசி, பிழிந்து, முழுக்க ஆறவிடுங்கள். தட்டுக்குச் சொன்னதுதான் இங்கேயும், சூடான துணியில் அயோடின் பொய் சொல்லும். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். நொதி படாத துண்டில் சொட்டு விழுந்த இடம் கருநீலமாகி, நூல் நூலாக ஓரத்துக்கு ஓடும். நன்றாகக் கஞ்சி போன துண்டில் அயோடினின் பழுப்பு மஞ்சள் மட்டும் நிற்கும். இடையில் ஊதா வந்தால் கஞ்சி உடைந்திருக்கிறது, ஆனால் உடைந்த ஸ்டார்ச் துணுக்குகள் இன்னும் நூலில் ஒட்டியிருக்கின்றன. அலசும் நீரை இன்னும் சூடாக்கிப் பாருங்கள்.

பட்டறைகளில் இதை டெகெவா அளவுகோலோடு ஒப்பிட்டு 1 முதல் 9 வரை மதிப்பிடுவார்கள், 9 என்றால் கஞ்சியே இல்லை. துண்டுகளைப் பார்த்து எண் போடும்போது எது எந்தத் துண்டு என்று தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். துண்டின் மூலையில் எண்ணைப் பேனாவால் எழுதினால் 80 டிகிரியில் அழிந்துவிடும். சாயம் போகாத நூலால் தையல் போட்டு, தையலின் எண்ணிக்கையால் அடையாளம் வையுங்கள்.